கொள்ளும் கோழியும்: தசைக்கு வலுவூட்டும் கொங்குச் சமையல்

நேயர்களுக்கு வணக்கம். உடம்பை முறுக்கேற்ற வேண்டும், தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சேரும் இளைஞர்களைக் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் இன்று எங்கும் காண்கிறோம். சேர்ந்த சூட்டோடு பலர் புரதப் பொடி டப்பாவையும் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பொடியை நான் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான் அது. ஆனால் அதற்குப் பணம் செலவழிக்கும் முன், நம் அடுப்பங்கரையில் இருப்பதையே சரியான அளவில் உண்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 58 கிராம். பளு தூக்கிப் பயிற்சி செய்து தசையை வளர்க்க விரும்புகிறவர்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை சொல்லப்படுகிறது. அதே எடைக்கு 112 கிராம் ஆகிறது. நம் மதியச் சாப்பாட்டில் சோறு குவிந்திருக்க, பருப்பு ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது. 100 கிராம் அரிசியில் இருப்பது 7 கிராம் அளவுக்கான புரதமே. பருப்பு, பயறு வகைகளில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே புதிய உணவைத் தேடுவதைவிட, இலையில் சோற்றுக்கும் பருப்புக்கும் உள்ள விகிதத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கும்போது அரிசிக்குச் சரிபாதி பருப்புப் போட்டுப் பாருங்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பும், பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசியும் தருவதால், இரண்டும் சேர்ந்த உணவின் புரதம் தரத்தில் உயர்கிறது.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் பெரியவர்கள் சொன்னதை நம்பிப் பலர் காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அந்தப் பயற்றில்தான் தங்கியிருக்கின்றன. கொள்ளு, கொழுப்பைத் தானாகக் கரைப்பதில்லை. நெடுநேரம் பசி தாங்கச் செய்து, அடுத்த வேளை உணவைக் குறைக்க உதவுகிறது. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. முதல் நாள் இரவே ஊறவைத்து, குக்கரில் நன்றாகக் குழைய வேகவிட்டு, தண்ணீரை இறுத்து ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், கொத்தமல்லி விதை ஆகியவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடைந்தால் கெட்டியான கடைசல் கிடைக்கும். ஊறவைப்பதும் நன்கு வேகவைப்பதும் ருசிக்காக மட்டும் அல்ல. வேகாத பயற்றில் உள்ள, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதனால் பெருமளவு குறைகின்றன.

அசைவம் உண்பவர்களுக்கு நம் பகுதியில் குறையே இல்லை. நாமக்கல் முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. தோல் நீக்கிய கோழிக்கறி 150 கிராமில் 30 கிராமுக்கு மேல் கிடைக்கும். பள்ளிபாளையம் சிக்கனைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. அதில் எடையைக் கூட்டுபவை எண்ணெயும் தேங்காய்ச் சில்லும்தான். கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி. புரதம் 4 மட்டுமே. எனவே இரண்டு கரண்டி எண்ணெயில் வெங்காயத்தை நிதானமாக வதக்கி, தட்டு மூடிக் கறியை அதன் சாற்றிலேயே வேகவிட்டு, தேங்காய்ச் சில்லைக் கைப்பிடிக்குள் நிறுத்திக்கொண்டால் வரமிளகாயின் காரமும் மணமும் குறையாது. சைவர்கள் 50 கிராம் சோயா உருண்டையில் ஏறத்தாழ 26 கிராம் புரதம் பெறலாம். நிலக்கடலையில் புரதம் நிறைய இருந்தாலும், எடையில் பாதியளவு கொழுப்பு என்பதால் எடை குறைப்போர் ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும்.

காலையில் இரண்டு கம்பு தோசையோடு மூன்று முட்டையும் ஒரு தம்ளர் பாலும், மதியம் ஒரு கிண்ணம் சோற்றோடு இரண்டு கிண்ணம் கொள்ளுக் கடைசலும் தயிரும், மாலையில் பச்சைப்பயற்றுச் சுண்டல், இரவில் கோழிக்கறி என்று பிரித்து உண்டால் நாளின் புரதம் 100 கிராமை எட்டிவிடும். ஒரே வேளையில் மொத்தமாக உண்பதைவிட இப்படிப் பகிர்ந்து உண்பது தசைக்கு ஏற்றது.

புரதம் மட்டும் தசையாகிவிடாது. மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்த காலத்தில் வேலையே பயிற்சியாக இருந்தது. இன்று மோட்டார் பொத்தானை அழுத்தும் நமக்குப் பளுப் பயிற்சி தனியே வேண்டும். எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்து, மெல்ல இறங்குவதே பாதுகாப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும் என்பதால், அவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் அளவைப் பேசி முடிவு செய்ய வேண்டும். வணக்கம்.