கடை சிறிதென்றால் போதுமா?

வணக்கம் உறவுகளே. சிறிய வியாபாரம் காலத்துக்கேற்ப உடனே மாறிவிடும், பெரிய நிறுவனம்தான் தடுமாறும் என்று எங்கள் ஆட்கள் சொல்வதை இன்று கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, திருகோணமலை மத்திய வீதியின் ஹார்ட்வெயார் கடைகளில் காலையில் சொன்ன விலை மாலையில் செல்லவில்லை. ஒரு கடையில், கவுண்டரில் நின்ற பொடியன் கம்பிக்கு விலை சொல்வதற்கே முதலாளிக்கு அழைப்பெடுப்பான்; அவரோ எரிபொருள் வரிசையில் நிற்பார், அல்லது கொழும்பு மொத்த வியாபாரியோடு பேசிக்கொண்டிருப்பார்; இணைப்புக் கிடைக்கும்வரை பில் புத்தகம் திறந்தபடி கிடக்க, வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நாலு பேர் வேலை செய்யும் கடைதான். ஆனால் விலை, கடன், கொள்வனவு எல்லாமே ஒருவரின் தலைக்குள் இருந்தபடியால் கடை சிறிதாக இருந்தும் அதனால் எந்தப் பயனும் விளையவில்லை. இரண்டு கடை தள்ளி, அடக்க விலையைக் காட்டி, இந்த எல்லைக்குள் நீங்களே தீர்மானியுங்கள் என்று மூத்த பணியாளரிடம் விட்டிருந்தவருக்கு வியாபாரம் நடந்துகொண்டேயிருந்தது.

இலத்திரனியல் துறைக்குள் நுழைய முயன்ற ஸ்கொட்லாந்து நிறுவனங்களை ஆராய்ந்து தொம் பேர்ன்ஸ், ஜி. எம். ஸ்டோக்கர் ஆகியோர் 1961இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. வேலைகள் இறுக்கமாக வரையறுக்கப்பட்டு, கட்டளை மேலிருந்து இறங்கும் அமைப்பு, சந்தை அசையாதிருக்கும்வரை நன்றாகவே ஓடுகிறது. சந்தையும் தொழில்நுட்பமும் மாறத் தொடங்கியதும், விடயம் தெரிந்தவர் எந்தப் படியில் இருந்தாலும் அவரோடு நேரே பேசக்கூடிய தளர்வான அமைப்பே தாக்குப்பிடிக்கிறது. ஆகவே, படிநிலை என்றாலே கேடு என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். துறைமுகத்தில் பாரந்தூக்கி சுமையோடு நிற்கையில் கூட்டம் போட முடியாதல்லவா?

அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது; பிரிந்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேண்டும். சோனி 1994இல் தன்னைத் தனித்தனிக் கம்பனிகள் போன்ற பிரிவுகளாக மாற்றிக்கொண்டது. இசை நிறுவனம், கணினி, வோக்மன் எல்லாம் ஒரே குடும்பத்தில் இருந்தும், 1999இல் அதன் வெவ்வேறு பிரிவுகள் ஒன்றோடொன்று போட்டியிடும் டிஜிட்டல் இசைக் கருவிகளை வெளியிட்டன. 2001இல் ஐபொட்டைக் கொண்டுவந்த அப்பிள், கருவியையும் மென்பொருளையும் ஒன்றாகவே திட்டமிட்டு அந்தச் சந்தையைப் பிடித்தது.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலும் இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். ஒரு குழு வராது என்பது முன்பதிவு எடுப்பவருக்கு முதல்நாளே தெரியும். மீன் வாங்கும் சமையலறைக்கோ மறுநாள் மதியம்தான் தெரியும். முன்பதிவுப் பட்டியலின் ஒரு பிரதியைச் சமையலறைக் கதவில் ஒட்டினாலே இது தீரும். ஆனால் அதற்கும் தலைமையகத்தின் அனுமதிக் கடிதம் கேட்கும் விடுதிகள் இங்கே இருக்கின்றன.