எதைக் கழிப்பது?

வணக்கம். ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது ஏன் கடினம்? ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கிவிடுகிறேன். ஓர் அணுவில் எலக்ட்ரான் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். அது காலியாக இருக்கலாம். மேல் தற்சுழற்சி (எலக்ட்ரானின் ஒரு காந்த இயல்பு; மேல், கீழ் என்று இரண்டே வகை) கொண்ட எலக்ட்ரான் இருக்கலாம். கீழ் தற்சுழற்சி கொண்டது இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆக, நாலு வாய்ப்பு. பத்து அணுக்களுக்கு நாலைப் பத்து முறை பெருக்கினால் 10,48,576. மடிக்கணினியே பார்த்துக்கொள்ளும். இருபது அணுக்களுக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டுகிறது. ஒவ்வொரு வாய்ப்புக்கும் அதன் பங்கைச் சொல்ல ஓர் எண் வேண்டும்; எண்ணுக்கு 8 பைட் என்றாலும், எழுதி வைக்க மட்டுமே ஏறக்குறைய 9 டெராபைட் வேண்டும். சமச்சீரை வைத்துக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். நாற்பது அணுக்களுக்கு உலகத்துக் கணினிகளை எல்லாம் சேர்த்தாலும் காணாது.

சரி, பெரிய கணினி வாங்கித் தீராது. எதையாவது விட்டாக வேண்டும். எதை?

வால்டர் கோனும் கூட்டாளிகளும் 1964, 65-இல் ஒரு வழி சொன்னார்கள்: கூட்டு அலைச்சார்பை (அதாவது அந்த எண்களின் முழுப் பட்டியலை) விட்டுவிடுங்கள், எங்கே எவ்வளவு எலக்ட்ரான் அடர்த்தி என்று தெரிந்தால் போதும். சிலிக்கானுக்கு இது அருமையாகப் பலித்தது. கோனுக்கு 1998-இல் நோபலும் கிடைத்தது, வேதியியலில்!

ஆனால் லாந்தனம் தாமிர ஆக்சைடிடம் இந்த வித்தை செல்லவில்லை. வழக்கமான தோராயங்களோடு கணக்கிட்டால் உலோகம் என்று விடை வருகிறது. ஆய்வகத்தில் பார்த்தாலோ மின்காப்பான். ஒவ்வொரு தாமிர அணுவிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பக்கத்தில் போய் நுழைய நிறைய ஆற்றல் செலவாகும். எனவே யாரும் நகர்வதில்லை. இதே பொருளில் கொஞ்சம் பேரியம் கலந்ததில்தான் 1986-இல் பெட்நோர்ஸும் முல்லரும் உயர்வெப்ப மீக்கடத்தலை (அதுவரை தெரிந்ததைவிட அதிக வெப்பநிலையில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வதை) கண்டார்கள். கணக்கு தவறிய இடத்திலேதான் புதையல் இருந்தது.

அப்புறம் கிராஃபீன், அதாவது ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலம். இரண்டு படலங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சுமார் 1.1 டிகிரி திருப்பினால் ஒரு கோலம் உருவாகும். அதன் ஒரு கட்டத்துக்குள்ளேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள். 2011-இல் பிஸ்ட்ரிட்சரும் மக்டொனால்டும் தனித்தனி அணுக்களையே கணக்கிலிருந்து விட்டார்கள். கோலத்தின் அலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோணத்தில் ஆற்றல் பட்டை (எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் ஆற்றல்களின் வரிசை) தட்டையாகும், எலக்ட்ரான்கள் ஏறக்குறைய நின்றுவிடும் என்று விடை வந்தது. எனக்குப் பிடித்த கணக்கு இது.

2018-இல் எம்ஐடியில் செய்து பார்த்தபோது, 1.7 கெல்வினில் அது மீக்கடத்தியாகவே ஆனது. 2011 கணக்கில் அதற்கு இடமே கிடையாது. எலக்ட்ரான்களுக்குள் நடக்கும் தள்ளுமுள்ளையும் சேர்த்துத்தானே அதில் கழித்திருந்தார்கள்!