மாட்டு வண்டிக்கு 8 கார், நடப்பவருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். நான் போக்குவரத்துப் பொறியாளர். சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். எங்கள் தொழில் சங்கத்தில் எல்லாருக்கும் இடம் இருக்கிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கடலூர் சாலையோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வண்டிகளை எண்ணச் சொன்னார்கள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஆக ஐந்து. அப்புறம் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு, அதாவது சாலையில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்ற கணக்குக்கு, மாற்றவேண்டும். கிராமப்புறச் சாலைகளுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு, கட்சி இல்லை) 1990இல் போட்ட அட்டவணைப்படி பஸ், லாரி என்றால் 3 கார், சைக்கிள் அரைக் கார், மாட்டு வண்டி 8 கார். மீன் கூடையோடு நடந்து போகிற அம்மாவுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை! (நடப்பவர்களை எண்ணத் தனி முறை உண்டு, யாராவது கேட்டால் செய்வார்கள்.) சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள் ஞாபகம்தான்.

பெண்கள் இந்தப் படிப்புக்குப் புதியவர்கள் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களிலேயே லலிதா, தெரசியா, லீலம்மா ஜார்ஜ் மூவரும் படித்து முடித்துவிட்டார்கள். அவர்களில் தெரசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். அதற்கு அப்புறம் அரை நூற்றாண்டு போயும், கூட்டத்தில் எங்களிடம் வருவது "மேடம், வரவேற்புரை நீங்க பேசிடுங்க" என்பதுதான். ஜங்ஷன் வடிவமைப்பு பற்றி யாரும் கேட்பதில்லை. கூட்டமோ இரவு ஏழு மணிக்கு. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய பெண்கள் எட்டரைக்கே கிளம்பிவிடுவார்கள், முக்கியமான முடிவெல்லாம் சாப்பாட்டு மேசையில் அதற்கு அப்புறம்தான் நடக்கும்.

ஒரு முறை தடையற்ற நடைபாதை பற்றிக் கருத்தரங்கு, முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் உறுப்பினர் ஒருவர் கீழே காத்திருக்க, நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். நான் இடது பின்சக்கரத்தைப் பிடித்திருந்தேன். மேலே திரையில் 1:12 சரிவு என்று படம் ஓடுகிறது, அதாவது 15 சென்டிமீட்டர் உயரம் ஏற 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும் என்று. அவர் கைதட்டவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இறங்கும்போதும் நீங்கதானே?" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த மாதமே சண்டை போட்டு, கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினோம். "லீவு நாள் போச்சே" என்று புலம்பியவர்கள் உண்டு, புலம்பட்டும். ஹால் பார்க்கிற பொறுப்பு இப்போது அவருக்கு. எங்கே போனாலும் முதலில் டேப்பை நீட்டி அளந்துவிட்டுத்தான் வாடகை பேசுவார். போன முறை பார்த்த ஹாலில் சாய்தளம் சரியான அளவில் அருமையாக இருந்ததாம், அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டி வைத்திருந்தார்களாம்.