ஆறடி மூன்று அங்குலம் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மெல்பர்னில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, சீசன் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பேச்சு வரும். பையனோ பெண்ணோ உள்ளூர் கிளப்பில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் “நம்ம உயரத்துக்கு ஃபுல் ஃபார்வர்ட், ஃபுல் பேக் எல்லாம் சரிப்படாது, ஓரமா விங்கில் ஓடட்டும்” என்று பெற்றோரே முடிவு கட்டிவிடுவார்கள். பயிற்சியாளரும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, நெட்டையாக இருப்பவரைக் கோல் கம்பத்துக்கு முன்னால் அனுப்பிவிடுவார். இந்த வழக்கம் சரியா என்பதுதான் இன்றைய பேச்சு.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு இல்லை. நடுவர் மேலே விடும் பந்தை எழும்பித் தட்டும் ரக் ஆட்டக்காரருக்கு அது ஏறக்குறைய எல்லாமே. தன் கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் ஃபுல் பேக்குக்கு நாம் நினைப்பதைவிட மிகவும் குறைவு. கோல் அடிக்க வேண்டிய ஃபார்வர்டுக்கு, பந்து அவரிடம் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது.

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து. பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் உதைக்கப்பட்ட பந்தை, வழியில் வேறு யார் கையும் படாமல், தரையில் விழாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நிதானமாகப் பின்னால் போய் நின்று உதைக்கலாம். நடுக் கம்பங்களுக்கு இடையே போனால் ஆறு புள்ளி. ஆக, கோலுக்கு அருகே வானத்தில் வரும் பந்தை யார் பிடிக்கிறார், யார் பிடிக்கவிடாமல் தட்டுகிறார் என்பதில் ஆட்டத்தின் பாதி அடங்கிவிடுகிறது. ஃபுல் ஃபார்வர்ட், சென்டர் ஹாஃப் ஃபார்வர்ட், சென்டர் ஹாஃப் பேக், ஃபுல் பேக் ஆகிய நான்கும்தான் கீ பொசிஷன்கள். மைதானத்தின் முதுகெலும்பு என்றும் சொல்வார்கள்.

1996-இல் ஏஎஃப்எல், அதாவது இந்த ஆட்டத்தின் தேசிய லீக், தன் நூற்றாண்டின் சிறந்த அணியை அறிவித்தது. அதன் முதுகெலும்பைப் பாருங்கள். ஃபுல் பேக் ஸ்டீபன் சில்வாக்னி, 194 சென்டிமீட்டர். சென்டர் ஹாஃப் பேக் டெட் விட்டன், 184. சென்டர் ஹாஃப் ஃபார்வர்ட் ராய்ஸ் ஹார்ட், 187. ஃபுல் ஃபார்வர்ட் ஜான் கோல்மன், 185. எசெண்டன் கிளப்புக்காக 98 ஆட்டங்களில் 537 கோல் அடித்த கோல்மன் அவர். ஒவ்வொரு ஆண்டும் அதிகக் கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் பதக்கமே இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. நால்வரில் ஒருவர்தான் 190-ஐத் தாண்டியவர்.

அது அந்தக் காலம் என்பீர்கள். உண்மைதான், மனிதர்கள் வளர்ந்துவிட்டார்கள். ஏஎஃப்எல் வரலாற்றிலேயே அதிகமாக, 1,360 கோல் அடித்த டோனி லாக்கெட்டின் உயரம் 191. நம் கணக்கில் ஆறடி மூன்று அங்குலம். இன்று நடு மைதானத்தில் தரையோடு தரையாகப் பந்துக்குப் போராடும் கார்ல்டன் வீரர் பேட்ரிக் கிரிப்ஸின் உயரம் 195. கார்ல்டனிலேயே 2021-இல் கோல்மன் பதக்கம் வாங்கிய ஹாரி மெக்கே 204. அதனால் கோல்மன் இன்று பிறந்திருந்தால் அதே இடத்தில் ஆடியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்துக்கு உயரம் எதற்காகத் தேவைப்படுகிறது என்றுதான் கேட்கிறேன். அதைப் பார்த்தால் விடை தானாகவே வந்துவிடும்.

முதலில் காவல் பக்கம். வீட்டுக்குப் போனதும் சுவரருகே நின்று பாருங்கள். இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கி எவ்வளவு எட்டுகிறது என்று ஒரு குறி. அப்புறம் ஒரு கையை மட்டும் தூக்கி, அந்தத் தோளையும் மேலே விட்டு எட்டுங்கள். இரண்டாவது குறி உயரமாக இருக்கும். ஃபார்வர்ட் பந்தைப் பிடித்தாக வேண்டும். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் பந்தின் நடுப்பகுதிவரை போக வேண்டும். காவலருக்கோ ஒற்றைக் கை போதும், அதிலும் முஷ்டி பந்தின் ஓரத்தில் பட்டாலே போதும். இதைத்தான் ஸ்பாயில் என்கிறோம். கூடவே, காவலர் பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிறார். பந்தையும் ஆளையும் ஒன்றாகப் பார்த்தபடி, கடைசி நொடியில் எழும்பினால் போதும். உயரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் குறைந்தவர் அதை இந்த வழிகளிலேயே சரிக்கட்டிவிட முடியும். எதிராளியின் கையை வெட்டி அடிக்கக் கூடாது, முதுகில் தள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

சிட்னி ஸ்வான்ஸின் லியோ பேரியின் உயரம் 184. அந்த உயரத்தோடு தன்னைவிட நெட்டையான ஃபார்வர்டுகளை ஆண்டுக்கணக்கில் காத்தவர். 2005 இறுதிப் போட்டி, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். சிட்னி நாலு புள்ளி முன்னால் இருக்கிறது, சில நொடிகளே பாக்கி. எதிரணியான வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் நீளமாக உதைத்த பந்து கோல் பக்கம் வந்து இறங்குகிறது. இரண்டு அணி ஆட்களும் ஒரே கூட்டமாக எழும்புகிறார்கள். பக்கவாட்டில் ஓடிவந்து அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்த பேரி, பந்தைத் தட்டவில்லை, பிடித்துவிட்டார். சைரன் ஒலித்தது. 1933-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. அந்தக் கூட்டத்தில் அவரைவிட உயரமானவர்கள் இருந்தார்கள். பந்து எங்கே இறங்கும் என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்.

ஹாதர்ன் அணி 2013, 2014, 2015 என்று மூன்று கோப்பைகளைத் தொடர்ந்து வென்றபோது பின்வரிசையில் ஓடிப்போய் ஓடிப்போய் தட்டிய ஜோஷ் கிப்சனும் 190-க்குள்தான். 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் டேல் மோரிஸ், 190. இறுதிப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் 199 சென்டிமீட்டர் லான்ஸ் ஃபிராங்க்ளினை அவர் பிடித்து மடக்கினார். நழுவிய பந்து டாம் பாய்டிடம் போக, அவர் தொலைவிலிருந்து கோல் அடித்தார். புல்டாக்ஸுக்கு 1954-க்குப் பிறகு முதல் கோப்பை. பந்து தரைக்கு வந்தபின்னும் காவலருக்கு வேலை இருக்கிறது, அதற்கு ஓடும் கால்கள் வேண்டும்.

ஃபார்வர்ட் விஷயம் இன்னும் சுவையானது. அவரிடம் பந்து இரண்டு விதமாக வரும். அவர் கோலிலிருந்து விலகி, உதைப்பவரை நோக்கி விரைந்து ஓடிவர, பந்து தாழ்வாகவும் வேகமாகவும் அவர் மார்புக்கு வருவது ஒன்று. இதற்கு லீட் என்று பெயர். இதில் உயரத்துக்கு வேலையே இல்லை. முதல் மூன்று எட்டில் காவலரை விட்டுப் பிரிவதும், உதைப்பவர் தலை நிமிரும் நொடியில் ஓடத் தொடங்குவதும்தான் வித்தை. ஹாதர்னின் ஜேசன் டன்ஸ்டல் 188 சென்டிமீட்டரில் 1,254 கோல் அடித்தது பெரும்பாலும் இந்த வித்தையால்தான். இன்னொன்று, நெருக்கடியில் சிக்கிய ஆட்டக்காரர் வேறு வழியில்லாமல் உயர்த்தி உதைக்க, பந்து மெதுவாக இறங்குவது. அப்போது நாலு பேர் கீழே கூடிவிடுகிறார்கள், உயரம் பேசுகிறது.

லாக்கெட், டன்ஸ்டல் காலத்தில் முன்பக்கம் காலியாகக் கிடந்தது, லீட் ஓட இடம் இருந்தது. இப்போது காவலர்கள் ஆளைவிட இடத்தைக் காக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் உதவிக்கு வருகிறார்கள். அதனால் உயரப் பந்துகள் கூடின, நெட்டையான ஃபார்வர்டுகளும் கூடினார்கள். ஆட்டத்தின் வடிவம் உயரத்தைக் கேட்டது. வடிவம் மாறினால் கேள்வியும் மாறும்.

அதற்கு ரிச்மண்ட் அணியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 2017-இல் அவர்களுடைய முன்வரிசையில் உண்மையான நெட்டை ஒருவர்தான், ஜாக் ரீவோல்ட். மற்றவர்கள் குட்டையான, ஓயாமல் ஓடும் பையன்கள். ரீவோல்ட் பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால் பந்து தரைக்கு வந்தால் போதும், மற்றவர்கள் எறும்பு மாதிரி மொய்த்துக்கொள்வார்கள். இறுதிப் போட்டியில் அடிலெய்டை 48 புள்ளியில் வென்றார்கள். உடனே எல்லோரும் “நெட்டையர் காலம் முடிந்தது” என்றார்கள்.

அடுத்த ஆண்டு ரிச்மண்ட் புள்ளிப் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் காலிங்வுட் வந்தது. காலிங்வுட்டில் மேசன் காக்ஸ் என்ற அமெரிக்கர், கூடைப்பந்து ஆடிவிட்டு வந்தவர், 211 சென்டிமீட்டர். ரிச்மண்டின் பின்வரிசைக்குத் தலைவர் அலெக்ஸ் ரான்ஸ், 194, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த காவலர்களில் ஒருவர். அன்று பந்து காக்ஸுக்கு உயரமாகவும் சரியாகவும் வந்தது, அவர் மேலே கை நீட்டிப் பறித்துக்கொண்டே இருந்தார். முஷ்டிக் கணக்கெல்லாம் 17 சென்டிமீட்டருக்கு முன்னால் நிற்காது. மூன்று கோல் அடித்தார். காலிங்வுட் 39 புள்ளியில் வென்றது.

ரிச்மண்ட் என்ன செய்தது? அந்த ஆண்டு முடிவிலேயே 199 சென்டிமீட்டர் டாம் லின்ச்சைக் கொண்டுவந்தது. குட்டையான பையன்களையும் விட்டுவிடவில்லை. 2019-இலும் 2020-இலும் கோப்பை. காக்ஸோ அந்த அரையிறுதியைப் போல எல்லா வாரமும் ஆட முடியவில்லை. பந்து தாழ்வாக வந்த நாட்களில் அதே 211-க்கு வேலை குறைந்தது. லின்ச் வந்தது ரிச்மண்டுக்கு இரண்டாவது வழியைக் கொடுத்தது, அதனால்தான் பலித்தது என்பது என் எண்ணம்.

ரக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே எனக்கு வாதம் இல்லை. நடுவர் பந்தை மேலே விடும்போது இரண்டு பேரும் ஒற்றைக் கையால்தான் தட்டுகிறார்கள், ஆகவே குட்டையானவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. அந்த நூற்றாண்டு அணியின் ரக் கிரஹாம் ஃபார்மர் 191 சென்டிமீட்டர்தான். ஆனால் 2005-இல் நடுவட்டத்தைச் சுற்றிப் பத்து மீட்டர் எல்லை போட்டு, முழங்கால் காயங்களைத் தடுக்க நீண்ட ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2017-இல் மூன்றாவது ஆள் வந்து எழும்புவதையும் தடைசெய்தார்கள். ஓடிவந்து தாவுபவருக்கு இருந்த வழிகள் அடைபட்டன. ஃபிரிமேண்டலின் ஏரன் சாண்டிலண்ட்ஸ் 211, மெல்பர்னின் மேக்ஸ் கான் இரண்டு மீட்டரைத் தாண்டியவர். உங்கள் பிள்ளை 180-இல் நின்றுவிட்டால் ரக் கனவு வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் பன்னிரண்டு வயதில் எதையும் சொல்ல முடியாது. எனக்கு வருத்தம் தருவதே இதுதான். சிலர் பதினொன்றில் வளர்ந்துவிடுகிறார்கள், சிலர் பதினாறில். சீக்கிரம் வளர்ந்த பிள்ளையைக் கோல் முன்னால் நிறுத்தியே வைத்தால், தரையில் உருளும் பந்தை எடுக்க அவன் கற்றுக்கொள்வதில்லை. மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்ததும் அவன் கையில் ஒன்றும் இருப்பதில்லை. குட்டையாக இருந்ததால் விங்கில் மட்டும் ஓடிய பெண் பின்னால் வளர்ந்தால், இறங்கும் பந்தை அளக்கும் கண் அவளுக்கு இருப்பதில்லை.

இங்கே கிளப்களில் பயிற்சிக்கு உதவும் அப்பா அம்மாக்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதிக்கும் ஒருமுறை பிள்ளைகளின் இடத்தை மாற்றுங்கள். பயிற்சியில் கொஞ்ச நேரம் ஒதுக்கி, இரண்டிரண்டு பேராக, குட்டையானவரை நெட்டையானவருக்குப் பின்னால் நிறுத்தி, உயரப் பந்து போடுங்கள். பின்னால் நிற்பவர் முஷ்டியால் தட்டட்டும். பிறகு இருவரும் இடம் மாறட்டும். சீசன் பாதி போனதும், யாரை எங்கே நிறுத்தலாம் என்று மறுபடி பாருங்கள்.