சந்தனக் கன்றைத் தனியாக நடாதீர்கள்

வணக்கம் மக்களே, கேமராவைத் தரையோடு வைத்திருக்கிறேன், இந்தச் சந்தனக் கன்றைக் கொஞ்சம் பாருங்கள். நட்டு ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை, இலையெல்லாம் வெளிறிப்போய் நிற்கிறது. அப்படியே இந்தப் பக்கம் வாருங்கள், இதுவும் அதே நாளில் நட்டதுதான், என் இடுப்பைத் தாண்டிவிட்டது. தண்ணீர், எரு எல்லாம் ஒன்றுதான். ஆனால் இதன் காலடியில் துவரை இருக்கிறது, அதற்கு இல்லை.

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. கன்று வாங்கிய இடத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இந்த வீடியோவே. இலை பச்சைதானே, வெயிலில் தன் உணவைத் தானே செய்துகொள்ளும். ஆனால் தண்ணீரும் தாதுச் சத்தும் தன் வேரில் மட்டும் அதற்குப் போதாது, பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப்போய்க் குட்டிக் குமிழ் மாதிரி ஒட்டி, உள்ளே துளைத்து உறிஞ்சிக்கொள்ளும். பள்ளியில் உறிஞ்சு வேர் என்று படித்தோமே, அதுதான். துவரை வேர்முடிச்சில் தழைச்சத்து சேருவதால் கன்றுக்கு அது நல்ல துணை. ஆனால் துவரையின் ஆயுள் கொஞ்ச காலம்தான், சந்தனத்தின் நடுக்கட்டை நன்றாக வைரம் பாய 15 வருஷத்துக்கு மேல் ஆகும், அதனால் சவுக்கு மாதிரி நீண்ட காலம் நிற்கிற மரத்தையும் கூடவே வைக்க வேண்டும்.

அப்புறம் மேலே, மாமரத்தில் அந்தக் கொத்தைப் பாருங்கள், புல்லுருவி. அதுவும் பாதி ஒட்டுண்ணிதான், ஆனால் மண்ணையே தொடாது. பூங்கொத்தி என்கிற குட்டிப் பறவை அதன் பழத்தைத் தின்று எச்சமிட, பிசின் மாதிரி ஒட்டுகிற விதை கிளையிலேயே பிடித்துக்கொண்டு முளைக்கும். காய்ப்பு மரத்தில் அதிகமானால் கிளை காய்ந்துவிடும், ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டுவதுதான் வழி. அந்தப் புல்லுருவி மேலேயே வேறொரு ஒட்டுண்ணிச் செடி ஏறி வளர்வதும் உண்டு, எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

சரி, வெளிறிய கன்றுகளுக்குப் பக்கத்தில் இன்றைக்கே துவரை விதைக்கிறேன். துவரை உயர்ந்து நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், வேரோடு பிடுங்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து இதே இடத்தில் கேமராவை வைத்துக் காட்டுகிறேன்.