தொடாமல் என்ன பக்தி?

நண்பர்களே, வணக்கம்.

ஜனவரி 9-ஆம் தேதி வந்தால் நம் செய்தி சேனல்களிலும் அரை நிமிடம் ஒரு காட்சி வரும். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு, அரக்குச் சிவப்புச் சட்டையோடு, கயிறு கட்டிய ஒரு தேரைச் சுற்றி நெருக்கியடிப்பார்கள். தேர்மேல் சிலுவையைத் தோளில் சாய்த்து முழந்தாளிட்ட கறுப்பு நசரேயர், அதாவது பாடு சுமக்கும் இயேசுவின் மரச் சுரூபம் (சிலை). மூச்சுத் திணறி மயங்கியவரைத் தலைக்குமேல் தூக்கி வெளியே அனுப்புவதையும் காட்டுவார்கள். அப்புறம் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு மனதில் தங்குவது ‘இப்படி ஒரு வெறியா’ என்பது மட்டும்தான். அதை மாற்றத்தான் இன்று பேசுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு துண்டு எப்படிப் போய்த் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். கீழே நிற்கிறவர் கையிலிருக்கும் சின்னத் துண்டைத் தேரை நோக்கி வீசுவார், மேலே சுரூபத்தைச் சுற்றி நிற்பவர்கள் அதைப் பிடித்து, சிலுவையில் துடைத்து, வந்த திசைக்கே திருப்பி எறிவார்கள். மேலே நிற்பவர்களுக்கு ‘நசரேயரின் பிள்ளைகள்’ என்று பெயர். அவர்களுக்குக் கீழே நிற்பவர் யாரென்றே தெரியாது. அந்தத் துண்டு வீட்டுக்குப் போய் நோயாளியின் நெற்றியில் விழும், குழந்தையின் நெஞ்சில் விழும். இவர்களில் பெரும்பாலானோர் நேர்த்திக்கடனுக்காக வருகிறவர்கள்: ‘அம்மா பிழைத்தால் ஒவ்வொரு வருடமும் வெறுங்காலோடு வருகிறேன்’ என்று சொன்னவர்கள். அப்பா நேர்ந்ததை மகன் தொடர்ந்து நிறைவேற்றும் குடும்பங்கள் அங்கே நிறைய. இதை வெறி என்று சொல்லவே எனக்கு மனம் வராது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வருகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சுரூபம் 1606-இல் மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்தது. வழியில் கப்பல் தீப்பிடித்ததில் சுரூபம் கறுத்துப்போனது என்று மக்கள் சொல்வார்கள், மரமே கறுப்பு என்று சொல்பவர்களும் உண்டு. கொண்டுவந்தவர்கள் அகஸ்தீனிய ரெக்கலெக்ட் துறவிகள். பிறகு 18-ஆம் நூற்றாண்டில் மணிலாவின் கியாப்போ ஆலயத்துக்கு மாற்றினார்கள், அந்த மாற்றத்தைத்தான் ஜனவரி 9-இல் நடந்து காட்டுகிறார்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழைய சுரூபத்தின் தலை இப்போது ஆலயப் பீடத்தில் புது உடலோடு இருக்கிறது, பழைய உடல் புதுத் தலையோடு பவனிக்குப் போகிறது. சேதமாகாமல் காக்க எடுத்த முடிவு. இதனால் மக்களின் பற்று குறைந்ததா என்றால், துளியும் இல்லை.

சரி, பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியர் திணித்த மதம்தானே இது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் செபு தீவுக்குப் போக வேண்டும். 1521 ஏப்ரலில் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லன் அங்கே இறங்கியபோது, அரசர் ஹுமபோனின் மனைவி குழந்தை இயேசுவின் சுரூபத்தைப் பார்த்துக் கண்ணீரோடு ஞானஸ்நானம் கேட்டதாகவும், அந்தச் சுரூபத்தையே வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் கூட வந்த பிகாஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்குள் பக்கத்துத் தீவான மக்தானில் நடந்த சண்டையில் மகெல்லன் கொல்லப்பட்டார், மிஞ்சியவர்கள் ஓடிப்போனார்கள். அதற்கப்புறம் 44 வருடம் செபுவில் குருவும் இல்லை, பூசையும் இல்லை, மறைக்கல்வியும் இல்லை. 1565-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை வந்து, ஊர் எரிந்து, பாதி எரிந்த ஒரு வீட்டில் ஹுவான் தெ கமுஸ் என்ற வீரர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே அதே குழந்தை இயேசு, ஒரு அடி உயரச் சுரூபம், சேதமில்லாமல். மழை வேண்டி அதைக் கடலுக்குக் கொண்டுபோய் முழுக்காட்டுவார்கள் என்றொரு மரபும் சொல்லப்படுகிறது. எனக்கு இதில்தான் பெரிய செய்தி இருக்கிறது. தந்தவர்கள் ஸ்பானியர்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாத அந்த நாற்பத்துச் சொச்ச வருடம் அதைப் பொத்திக் காத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கட்டாயத்தால் மட்டும் அப்படி நடக்காது.

இன்றும் அந்தச் சுரூபம் இருக்கும் செபு பசிலிக்கா (பேராலய) வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள், நீங்கள் வாங்கினால், உங்கள் பெயரைச் சொல்லி, கையில் மெழுகுவர்த்தியோடு முன்னும் பின்னுமாக ஆடி உங்களுக்காக வேண்டுவார்கள். ஜனவரி மூன்றாம் ஞாயிறு குழந்தை இயேசுவுக்கு நடக்கும் சினுலோக் விழாவின் பெரிய ஊர்வலத்தை விட எனக்கு இந்தப் பெண்களின் ஆட்டம்தான் நெருக்கமானது.

இதெல்லாம் குருக்கள் நடத்தும் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பரிசுத்த வாரப் பவனிக்கு வரும் சுரூபங்களில் பல, கோயில் சொத்தே கிடையாது. அவை குடும்பங்களுக்குச் சொந்தம். அவற்றைப் பராமரிப்பவரைக் கமரேரோ என்பார்கள். முடி சீவி, ஆடை தைத்து, தேருக்குப் பூ வாங்கி, பாட்டி காலத்திலிருந்து வந்த பொறுப்பாகச் செய்வார்கள். லகூனா மாகாணத்தின் பயேத்தே ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சுரூபம் செதுக்குகிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிலிப்பைன்ஸ்காரர்கள் மணிலாவுக்கு அருகே அந்திப்போலோ ஊரில் இருக்கும் மாதாவிடம் போய்விட்டுத்தான் விமானம் ஏறுவார்கள், எல்லாரும் இல்லாவிட்டாலும் ஏராளமானோர். 1626-இல் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து வந்து, பின்னர் பசிபிக்கைப் பலமுறை கடந்த கப்பல்களில் பயணம் செய்த சுரூபம் அது, ‘நல்ல பயணத்தின் அன்னை’ என்றே பெயர். புதுக் கார் வாங்கினாலும் அங்கேதான் மந்திரிப்பு. மணிலாவுக்குப் பக்கத்தில் பக்லாரனில் 1948-இலிருந்து புதன்தோறும் இடைவிடா சகாய அன்னையின் நவநாள் (நொவீனா) வேண்டுதல், மக்கள் மன்றாட்டுகளையும் நன்றிகளையும் கடிதமாக எழுதிப் போடுவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு இது புதிதல்ல, நொவீனா ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த ஆலயத்தில் பக்லாரனை நடத்தும் அதே இரட்சகர் சபைக் குருக்கள் நடத்தும் சனிக்கிழமை நவநாளில் நம் ஆட்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதே அன்னைக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

சிலை வழிபாடு என்று சொல்கிறவர்கள் பிலிப்பைன்ஸிலேயே இருக்கிறார்கள், இக்லேசியா நி கிறிஸ்தோ சபை சுரூபங்களை முற்றிலும் மறுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் 787-இல் இரண்டாம் நிசேயா சங்கத்தில் (ஆயர்கள் கூடிய பொதுச் சங்கம்) சொல்லப்பட்டதுதான்: உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளுக்குப் போகிறது. நான் அதை நம்புகிறேன். ஆனால் கியாப்போக்காரர் அந்த வாதத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. கஷ்டத்தில் இருப்பவருக்கு நினைத்துக்கொள்வது போதவில்லை, கை வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் கையைப் பிடித்துக்கொள்கிறோமே, அப்படித்தான்.

கூட்ட நெரிசலில் அடிபடுகிறார்கள், உயிரும் போயிருக்கிறது, அதை மூடி மறைத்துப் பேசுவது பாவம். கொரோனாவால் 2021-இல் பவனியே நின்றது. 2024-இல் மறுபடி தொடங்கியபோது சுரூபத்தைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள், தேரில் ஏற வேண்டாம் என்று ஆலயம் கேட்டுக்கொண்டது, அப்படியும் சிலர் ஏறினார்கள். கண்ணாடி வைத்தது சரிதான் என்பேன், 1606-இல் வந்த மரம் இன்னும் எத்தனை கைகளைத் தாங்கும்? அதோடு சேர்த்து, துண்டையும் வேண்டாமென்று யாராவது ஒரு நாள் சொன்னால், அன்றைக்கு நான் அந்தத் துண்டோடு வருகிறவர்கள் பக்கம்தான் நிற்பேன். உங்களையும் கூப்பிடுவேன்.