சீட்டைத் தொலைச்சது யாரு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜமைக்கா மாதிரி கரீபியத் தீவுகள்ல இருந்து பிரிட்டனுக்குப் போனவங்களோட பிள்ளைங்க ‘நான் எந்த ஊர்க்காரன்’னு தவிக்கிறதுக்குக் காரணம் வீடா, நாடா? நாடுதான். விரிவாப் பேசணும்னுதான் வந்தேன், எதிரணி அக்கா விடல.

என்ன சொன்னாங்க? “ஒரு காகிதத்தைப் பத்திரமா வைக்கத் தெரியாத வீடு, அடையாளம் போச்சுன்னு அழலாமா?” நீங்களும் கைதட்டுனீங்க. தட்டுன கையை இறக்காதீங்க, வேலை இருக்கு.

1948 ஜூன் 22. எம்பயர் விண்ட்ரஷ் கப்பல்ல வந்த கரீபிய ஜனம் லண்டன் பக்கத்துல டில்பரித் துறைமுகத்துல இறங்குது. அப்புறம் வருஷக்கணக்கா ஜனம் வருது, பஸ் ஓட்ட, ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பார்க்க. பின்னாலேயே பிள்ளைங்க. அதுல ஒரு பையனை வெச்சுக்குவோம். ஆறு வயசு. பாஸ்போர்ட் கிடையாது, அம்மா பாஸ்போர்ட்டுலதான் பேரு. இறங்கினதும், எப்ப வந்தான்னு எழுதி வருகைச் சீட்டு போட்டாங்க. சீட்டு யார்கிட்ட? அரசாங்கத்துக்கிட்ட!

பையன் படிச்சான், வரி கட்டினான், பேத்தி எடுத்தான். அறுபது வயசுல, ‘இங்க இருக்க உனக்கு உரிமை இருக்கா, சான்று காட்டு’ன்னு கூப்பிட்டுக் கேட்கிறான் அதிகாரி.

“எப்ப வந்தே?”

“சீட்டு உங்ககிட்டதானே சார்?”

“அதையெல்லாம் 2010லயே அழிச்சிட்டோம்.”

“அப்ப அழிச்சதுக்காவது ஒரு சீட்டு குடுங்க சார்!”

பின்வரிசைக்குக் கேட்கலையாம், திரும்பச் சொல்றேன். சீட்டு போட்டது யாரு? வெச்சிருந்தது யாரு? அழிச்சது யாரு? பழி மட்டும் வீட்டுக்கா அக்கா?

இப்படிச் சான்று காட்ட முடியாம எத்தனையோ பேருக்கு வேலை போச்சு. வைத்தியம் கிடைக்கல. சிலரைப் பிடிச்சு அடைச்சாங்க. 2018ல பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டாரு, உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவியை விட்டாரு. தப்பு வீட்டு மேலன்னா மன்னிப்பை எதுக்குங்க பிரதமர் கேட்கணும்?

ஜமைக்காப் பேச்சுமொழியான பாட்டுவா பேசவா, லண்டன் இங்கிலீஷ் பேசவான்னு வீட்டுக்குள்ளேயே குழப்பம்னும் அக்கா சொன்னாங்க. அதுக்கும் பதில் இருக்கு, நேரம்தான் இல்ல.

ஒண்ணு மட்டும். ஜமைக்காவுல சாவு விழுந்தா ஒன்பது ராத்திரி உறவெல்லாம் கூடிப் பாடும். பாஸ்போர்ட் கிடைக்காம, பெத்தவ சாவுக்குப் போக முடியாதவங்க உண்டு. பார்க்கப் போன சிலரைத் திரும்ப விமானம் ஏற விடல. தாய்க்கு வாய்க்கரிசி போட முடியாத மகன் எப்படித் துடிப்பான்னு இந்த ஊருக்கு நான் சொல்லணுமா? லண்டன்ல பொறந்த பேத்தி கேட்கிறா: “தாத்தா, எல்லாரும் போயிருக்காங்களே, நாம ஏன் போகல?”

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. அந்தப் பிள்ளைக்கு அக்கா பதில் சொல்லட்டும், நான் உக்காந்துக்கிறேன்.